நாலாவது கம்பியின் ஒலி

ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அறையின் நீள அகலம். அடுத்து, உட்காரும் நாற்காலி எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்பது. அதற்கும் அடுத்து, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாரும் தப்பான பதில்தான் சொல்வார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. தன் சத்தம் யாருக்குமே சத்தமாகத் தெரிவதில்லை. அதனால் நான் வீட்டுக்கே போய்விடுவேன். "வழக்கமா கேக்கற மாதிரி ஒரு பாட்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் சத்தத்தை அளக்கும் மீட்டரைப் பிடித்து, வருகிற எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வேன். பிரிஸ்பேனில் இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் என் நோட்டுகளில் இருக்கின்றன.

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பீக்கர் தனியாகப் பாடுவதில்லை. அறையும் சேர்ந்து பாடுகிறது, தாழ்ந்த சுரங்களில் அறைதான் பாதிக்கு மேல் பாடுகிறது. சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் எல்லாம் குழம்பிப் போகும். பெரிய அறையில் சின்னதை வைத்தால் அது மூச்சு வாங்கும். மெதுவாகக் கேட்பவருக்கு ஒரு வகை, அதிரக் கேட்பவருக்கு வேறு வகை. நாற்பதாயிரம் டாலர் கொடுப்பவருக்கு இதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

ஆல்வின் டோரிங்டன் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போன் செய்தான்.

"நெவில், உன் கடையில இருக்கறதுலயே பெரிய ஸ்பீக்கர் எது?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். என் ரூமுக்கு."

"உன் ரூமுக்கு இப்ப இருக்கறதே தாராளம்பா. அதுக்கு மேல போனா குளியலறைக்குள்ள யானையக் கட்டின மாதிரி இருக்கும்."

"யானையவே கொண்டு வா. வெள்ளிக்கிழமை வா. திங்கட்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

"என்ன தெரிஞ்சாகணும்?"

"என் காது போயிடுச்சான்னு" என்றான்.

ஆல்வின் இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவன். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தை இருபத்தாறு வருடமாகத் தோளில் சாய்த்துக்கொண்டு வாழ்கிறவன். அதன் நாலாவது கம்பிதான் ஆகத் தடித்தது, ஆகத் தாழ்ந்தது. வினாடிக்கு நாற்பத்தொரு தடவை அதிரும். இரண்டு வருடமாக அந்தக் கம்பியின் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விட்டுப் போகிறது என்றான். வீட்டில் இசைத்தட்டு போட்டாலும் கேட்பதில்லை, தானே வில்லெடுத்து வாசித்தாலும் சோகையாகத்தான் இருக்கிறது. இசைக்குழுவில் எட்டு வாத்தியம் சேர்ந்து ஒலிக்கும்போது தன்னுடையது தனியாகத் தெரிவதில்லை. அதனால் அழுத்தி வாசித்துப் பழகியிருக்கிறான். போன மாதம் அவன் வரிசையின் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, 'நீ ரொம்ப அழுத்துகிறாய், மற்ற ஏழு பேரும் உனக்குள் முங்கிப் போகிறார்கள்' என்று சொல்லியிருக்கிறார்.

"காது டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. ஆனா அவங்க சோதனையே இருநூத்தம்பது அதிர்வுலேர்ந்துதான் ஆரம்பிக்குது. என் பொழப்பு இருக்கறதே அதுக்குக் கீழதானே? ராஜினாமாக் கடிதம் எழுதி வெச்சுட்டேன் நெவில். உன் யானை வந்தும் அந்தக் கம்பி கேக்கலன்னா திங்கட்கிழமை கொடுத்துடுவேன். காது போனவன் அங்க நின்னு எல்லார் வாசிப்பையும் கெடுக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை நானும் சேஃபோவும் வேனை எடுத்துக்கொண்டு ஆல்வின் இருக்கும் ஆனர்லிக்குப் போனோம். சேஃபோ கடையில் என் கூட்டாளி, தீவு ஊரான அப்பியாவிலிருந்து வந்தவன். முன்பு இருபது வருடம் தச்சு வேலை பார்த்தவன். வழி முழுக்க இறைச்சி ரோல் தின்றுகொண்டே வந்தான். முதல் நாள் இரவு பெய்த மழை தரையிலிருந்து ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. வேனுக்குள் ஆளுக்குத் தொண்ணூற்றாறு கிலோ எடையில் இரண்டு யானைகளும் படுத்திருந்தன.

ஆல்வின் வீடு நகரத்தின் பழைய வீடுகளைப் போலக் கால்மேல் நிற்கும் மரவீடு. தெருப்பக்கம் இரண்டு படி ஏறினால் போதும், தோட்டப்பக்கம் நிலம் சரிந்து இறங்குவதால் வீட்டுக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அங்கேதான் துணி துவைக்கும் மெஷின்.

பிரான்வென் கதவைத் திறந்தாள். ஆல்வினின் மனைவி, பள்ளி ஆசிரியை.

"வாங்க டாக்டருங்களா. நோயாளி உள்ள இருக்காரு. மருந்துன்னு சொல்லி என் காரை விக்க வெச்சுட மாட்டீங்களே?"

"இன்னிக்கு விக்கவே வரல பிரான்வென். அளக்கத்தான் வந்தோம்."

"அளக்கறதுக்கா வேன்ல ரெண்டு சவப்பெட்டி?" என்று சொல்லிவிட்டுத் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது சமையலறைப் பக்கம் கண் காட்டினாள். குளிர்பெட்டிக் கதவில் காந்த வில்லைக்குக் கீழே ஒரு வெள்ளை உறை, அந்தக் கடிதம். அவள் சிரிப்பு அதற்கு மேல் நிற்கவில்லை.

ஆல்வின் அவசரப்பட்டான். "இறக்குங்கப்பா, தூக்கிட்டு வாங்க."

"முதல்ல பழசு" என்றேன். இது என் கடை வழக்கம். பழைய ஸ்பீக்கரை அதே இடத்தில் அளக்காமல் புதியது வீட்டு வாசலைத் தாண்டாது. எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

அந்த அறை எனக்குப் பழக்கம். ஸ்பீக்கர்கள் மேற்குச் சுவரோரம், நாற்காலி கிழக்குச் சுவரோரம், நடுவே நாலேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுவர் என்றால் ஒற்றைப் பலகைதான். வெள்ளை அடித்த பைன் பலகைகளை நெடுக்காகக் கோத்தது. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வராந்தா.

மூன்று வருடத்துக்கு முந்தைய என் நோட்டை விரித்தேன். நாற்பத்தொரு அதிர்வில் எட்டு டெசிபல் மேடு. அது ஏன் என்று சொல்கிறேன். நாற்பத்தொரு அதிர்வின் ஒலி அலை எட்டு மீட்டருக்குச் சற்றே அதிக நீளம். அதில் பாதி அந்த இரு சுவர்களுக்கும் நடுவே அப்படியே பொருந்துகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலையை அடுத்த அலை சரியான நேரத்தில் தள்ளுகிறது, ஊஞ்சலைத் தள்ளுவது போல. அதனால் அந்த ஒரு சுரம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தவன் மடியில் வந்து விழும். அதாவது, ஆல்வினின் நாலாவது கம்பியைத் தூக்கிப் பிடிப்பதற்கென்றே கட்டின அறை அது.

மைக்கை நாற்காலியில் நிறுத்தினேன். சோதனை ஒலியைத் தாழ்ந்த சுரத்திலிருந்து மேலே ஏற்றினேன். திரையில் கோடு வரைந்துகொண்டே வந்தது.

மேடு இருந்த இடத்தில் பள்ளம்.

"மைக் கெட்டுப் போயிருக்கு" என்றேன்.

சேஃபோ எப்போதும் ஒரே அளவு ஒலி தரும் சோதனைக் குமிழை மைக்கில் மாட்டிப் பார்த்தான். "மைக் சுத்தமா இருக்கு அண்ணே. தொண்ணூத்தி நாலுன்னு சொல்லணும், தொண்ணூத்தி நாலுதான் சொல்லுது."

"ஆல்வின், நீ தினமும் கேக்கற மாதிரி ஒண்ணு போடு."

போட்டான். மீட்டர் தொண்ணூற்றொன்று காட்டியது. நோட்டில் பழைய எண் எழுபத்தாறு. பதினைந்து டெசிபல் கூட்டுவதென்றால் ஸ்பீக்கருக்குள் முப்பது மடங்கு மின்சக்தியைத் திணிப்பது என்று அர்த்தம். அவன் அப்படியெல்லாம் எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். மாதத்துக்கு ஒரு சுண்டு சுண்டி ஏற்றியிருப்பான்.

"பாத்தியா?" என்றான். "போயிடுச்சு."

"இரு." நாற்பத்தொரு அதிர்வைத் தனியாக வைத்தேன். ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரங்களுக்கான ஊஃபரின் கூம்பு முன்னும் பின்னும் குதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆல்வினை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

எனக்கும் கேட்கவில்லை.

சரியாகச் சொன்னால், அடுத்த தெருவில் லாரி நிற்பது போல ஏதோ ஒன்று. அவ்வளவுதான். என் காதுமா? ஒரே காலையில் இரண்டு பேருக்குமா? சேஃபோவைப் பார்த்தேன். ரோலைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான். அவனுக்கும் கேட்கவில்லை.

அப்போது மேற்கு வராந்தாவிலிருந்து பிரான்வென் கத்தினாள்.

"யப்பா! அத நிறுத்தித் தொலைங்க! பல்லெல்லாம் ஆடுது!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மீட்டரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். வாசலைத் தாண்டியதும் ஒலி நெஞ்சில் மோதியது. துணிக்கொடி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றைச் சுரத்துக்கு நாற்காலியில் எழுபத்தொன்று காட்டிய மீட்டர் வராந்தாவில் எண்பத்தெட்டு காட்டியது. ஸ்பீக்கர் வீட்டுக்குள்ளே இருக்கிறது, பாட்டு வீட்டுக்கு வெளியே நடக்கிறது.

"இது என்ன புதுசா?" என்றாள் பிரான்வென். "ஒன்றரை வருஷமா இப்படித்தான். பக்கத்து வீட்டு ஹாலோரன் அம்மா வேலி மேல ஏறி நின்னு திட்டாத நாளில்ல. நான்தான் இவருக்குக் காது மந்தம், பாவம், பொறுத்துக்கோங்கன்னு சொல்லிட்டிருந்தேன்."

ஆல்வின் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நெவில். எனக்குக் கேக்குது."

"கேக்கும்பா."

"நல்லாவே கேக்குது." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கன்னத்தில் அறை வாங்கினவன் எதிரே யாரும் இல்லாததைப் பார்த்து விழிப்பது போல விழித்தான். "அப்ப உள்ள ஏன் கேக்கல?"

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது சேஃபோ உள்ளேயிருந்து கூப்பிட்டான். அவன் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"அண்ணே, இங்க வாங்க. மெதுவா வாங்க. சுவரோரமா கால வெக்காதீங்க."

ஸ்பீக்கருக்குப் பின்னால் மேற்குச் சுவரை மறைத்து நின்ற, ஒலி உறிஞ்சும் பஞ்சுத் தடுப்பை அவன் நகர்த்தியிருந்தான். சுவர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. சேஃபோ கட்டை விரலை வைத்து லேசாக அழுத்தினான். பாலாடையில் இறங்குவது போல விரல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது ஓட்டையைச் சுற்றி வெளுத்த சின்னப் புழுக்கள் போல ஏதோ கொட்டி, தரையில் நெளிந்து ஓடின.

கரையான்.

சுவரில் பலகையே இல்லை. இரண்டு பக்கமும் பெயின்ட் தோல், நடுவே மண்ணும் ஓட்டையும். அலை போய் மோதித் திரும்புவதற்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. ஊஞ்சலைத் தள்ள ஆள் இருக்கிறது, ஊஞ்சல் மாட்டின கிளைதான் இல்லை. நாலாவது கம்பியின் ஒலி மொத்தமும் பெயின்ட் வழியாக வராந்தாவுக்குப் போய்விட்டது. இரண்டு வருடமாக அந்த வீடு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் ஒரு மனிதனின் காதைச் சந்தேகப்பட்டோம்.

"யானையக் கொண்டாந்து இங்க வெச்சிருந்தோம்னு வையுங்க" என்றான் சேஃபோ, தரையைக் குதிகாலால் தட்டியபடி. மக்கிய சத்தம் வந்தது. "நேரா கீழ போயிருக்கும். கீழ என்ன இருக்கு?"

கீழே துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அடியில் போனோம், நானும் அவனும் மட்டும். துணி எடுக்க மெஷினருகே இறங்கியிருந்த பிரான்வென் கையைப் பிடித்து அந்த இடத்தை விட்டு முதலில் வெளியேற்றினான் சேஃபோ. பிறகு டார்ச்சை அடித்தான். வீட்டின் கால்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தகரத் தொப்பி. எங்கள் ஊரில் மரவீட்டுக்கு அதுதான் உயிர்நாடி. கரையான் மண்ணிலிருந்து ஏறி வந்தால் தொப்பியின் விளிம்பைச் சுற்றித்தான் போக வேண்டும், அப்போது கண்ணில் பட்டுவிடும். எல்லாத் தொப்பியும் சுத்தமாக இருந்தன.

"அப்ப எது வழியா ஏறுச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே மேற்கு மூலையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை இழுத்தான். ஸ்பீக்கர் வந்த பெட்டிகள். எங்கள் தொழிலில் வாங்கினவர் யாரும் பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை, திரும்ப விற்கும்போது பெட்டியோடு இருந்தால்தான் விலை. அடிப்பெட்டி கையோடு பொடிந்து வந்தது. பின்னால் நாலு கட்டைகள் நின்றன. வீட்டின் கால்கள் அல்ல. பிற்பாடு யாரோ நட்டவை. மண்ணில் நேரே ஊன்றி, தரைச் சட்டத்தில் முட்டி நின்றன. தொப்பி இல்லை. நாலின் மேலும் விரல் தடிப்பில் மண் குழாய்கள் அடியிலிருந்து நுனி வரை ஏறியிருந்தன.

"எந்த மடையன் அண்ணே இத நட்டான்? கரையானுக்கு ஏணி போட்டுக் கொடுத்திருக்கான்!"

டார்ச் வெளிச்சத்தில் அந்த நாலு கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு இடப்பக்க ஸ்பீக்கருக்குக் கீழே. இரண்டு வலப்பக்க ஸ்பீக்கருக்குக் கீழே. சென்டிமீட்டர் பிசகாமல்.

"அண்ணே?"

"நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"மூணு வருஷம் முன்னாடி. நீ தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பியா போயிருந்த. மேல தரை அதிருது, சுரம் தெளிவா இல்லன்னு ஆல்வின் சொன்னான். ஸ்பீக்கருக்கு நேர் கீழ நாலு கட்டை முட்டுக் கொடுன்னு நான் சொன்னேன். இடத்தையும் நானே சாக்பீஸால குறிச்சுக் கொடுத்தேன்."

"தகரம் வெக்கச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அடியில காங்கிரீட்?"

"இல்ல. தரை அசையக் கூடாதுங்கறது மட்டுந்தான் என் புத்தில இருந்துச்சு."

சேஃபோ கையிலிருந்த அட்டைத் தூளைப் பார்த்தான். "பெட்டிய இங்க அடுக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

அவன் கையைத் துடைத்துவிட்டு டார்ச்சை அணைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

மேலே வந்ததும் ஆல்வின் கேட்டது வீட்டைப் பற்றியே இல்லை. அறையிலிருந்து தன் வாத்தியத்தை முதலில் வெளியே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். "கார் ஷெட் செங்கல் சுவர்தானே?" என்றான். "அங்க வாசிச்சுப் பாக்கறேன்."

ஷெட்டில் நின்று வில்லை நாலாவது கம்பியில் வைத்தான். இரண்டு வருடமாக வீட்டில் பழகிய அதே அழுத்தத்தோடு இழுத்தான்.

அந்த ஒலியை எப்படிச் சொல்வது? அலமாரியில் ஆணி வைத்திருந்த டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து அலறின. பிரான்வென் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆல்வின் வில்லை வெடுக்கென்று எடுத்துவிட்டு, தன் வலது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.

"இப்படியா?" என்றான். "அங்க இப்படியா வாசிச்சுட்டிருந்தேன்? ரெண்டு வருஷமா? பக்கத்துல நிக்கறவங்க ஒரு வார்த்த சொல்லலையே!"

"சொன்னாங்களே" என்றாள் பிரான்வென். "நீதான் காது போச்சுன்னு அழுத."

மறுபடி வில்லை வைத்தான். இந்தத் தடவை வில்லின் முடிக்கற்றை கம்பியைத் தொட்டதா என்று சந்தேகப்படும்படி. நாலாவது கம்பி ஷெட் முழுக்க வந்து நின்றது. ஆல்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் நான் சொன்னேன். கட்டை, பெட்டி, சாக்பீஸ் குறி, எல்லாம். சுற்றி வளைக்காமல் சொன்னேன், வளைத்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தோன்றியது.

ஆல்வின் வாத்தியத்தை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தான். "நீ சொன்ன. நட்டது நான்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிரான்வென் அந்தத் தாராளத்துக்கு வரவில்லை. "பத்தொம்பது வருஷமா அந்தச் சுவருக்கு பெயின்ட் அடிச்சது நான்" என்றாள். "கரையானுக்கு இன்சூரன்ஸ்காரன் ஒரு சல்லி தர மாட்டான், தெரியுமில்ல நெவில்?"

"தெரியும்."

"தெரிஞ்சவர் ஒரு தகரத்துண்டு வெக்கச் சொல்லியிருக்கலாம்."

உள்ளே போய், குளிர்பெட்டியிலிருந்து அந்த வெள்ளை உறையை எடுத்து வந்தாள். ஆல்வின் கையில் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அதைத் திருப்பிப் போட்டு, சேஃபோ சொன்ன, கரையானுக்கு மருந்தடிப்பவரின் போன் எண்ணைப் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன வீட்ல சொன்னீங்க?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

வேனுக்குள் போய் உட்கார்ந்து நோட்டுகளை எடுத்தேன். யானைகள் பின்னால் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். நீளம், அகலம், உயரம், நாற்காலி, சத்தம். கடைசி வரியில் என் கையெழுத்தில் என் ஆலோசனை. 'முட்டுக் கொடுக்கவும்.' அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். சேஃபோ பக்கத்தில் உட்கார்ந்து, நான் திருப்பத் திருப்ப எண்ணினான். பதினொன்று. எல்லாமே கால்மேல் நிற்கும் மரவீடுகள்.

முதலாவது இப்ஸ்விச்சில், லிண்டன் என்ற பல் டாக்டர். நாலு வருடத்துக்கு முன்னால். மணி அடித்ததும் எடுத்துவிட்டார்.

"நெவில்! சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. தொழிலில் தினமும் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு. முன்ன மாதிரிதான் சத்தம் வெச்சுக் கேக்கறீங்களா, இல்ல இப்பல்லாம் கொஞ்சம் கூட்டி வெக்க வேண்டியிருக்கா?"

அந்தப் பக்கம் ஆச்சரியமாக ஒரு சிரிப்பு.

"அட, ஆமாங்க! உங்களுக்கு யார் சொன்னா?"